பாதியில் நின்ற குயில்ட்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

பரணிலிருந்தோ பீரோவின் அடித்தட்டிலிருந்தோ பாதியில் விட்ட குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) ஒன்று வெளியே வந்ததும் பலரும் முதலில் செய்வது, வாளியில் சோப்புத்தூள் கரைத்து ஊறப்போடுவதுதான். பழைய குயில்ட்டுகளைச் சரிசெய்து முடித்துக் கொடுப்பது என் வேலை. வருஷக்கணக்கில் கிடந்து கெட்டதைவிட, அந்த வாளியில் ஒரு ராத்திரி ஊறிக் கெட்டுப்போய் என்னிடம் வருவதுதான் அதிகம். அதனால் கீழே எந்தக் கோளாறானாலும் வரிசை ஒன்றுதான்: நனைக்காமல் செய்யக்கூடியது முதலில், பிரித்துத் தைப்பது அப்புறம், தண்ணீர் கடைசியில்.

துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒவ்வொரு கட்டமும் பிளாக், பிளாக்குகளை இணைத்த மேல்பக்கம் டாப், நடுவில் வைக்கும் பஞ்சு பேட்டிங், அடித்துணி பேக்கிங், ஓரத்தில் மடித்துத் தைக்கும் பட்டை பைண்டிங். தைப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இது

கட்டில்மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் குயில்ட்டைப் பரப்புங்கள். உதறாதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காந்தத்தைத் துணியை ஒட்டினாற்போல் மெதுவாக நகர்த்தினால், உள்ளே மறந்துபோன குண்டூசியும் ஊசியும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அவற்றை எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் பிளாக்குகளாகவோ டாப்பாகவோ இருந்தால் தண்ணீர் என்ற பேச்சே வேண்டாம். பின்பக்கம் முழுக்க வெட்டுவாய்; ஒரு முறை அலசினாலே நூல் பிரிந்து, கால் இஞ்ச் விட்டுத் தைத்த இடம் அரைக்கால் இஞ்சாகிவிடும். மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்து, ஓரம் கட்டியதுதான் துவைப்பதைத் தாங்கும்.

துணி என்ன ரகம் என்று தெரியாவிட்டால் பின்பக்கத் தையல் விளிம்பிலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வந்து மெல்லிய சாம்பல் உதிரும். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஒரே டாப்பில் மூன்றும் இருப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். டெய்லர் கடை வெட்டுத்துணியும் பழைய புடவையும் சேர்த்துத் தைத்தால் வேறெப்படி இருக்கும்?

கடைசியாக இழுத்துப் பார்ப்பது. பின்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணியை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து நிதானமாக இழுங்கள். தாங்கினால் வேலையைத் தொடரலாம். மெல்லிய ‘சரக்’ சத்தத்தோடு பிளந்தால் நேராக அறிகுறி 3-க்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

## அறிகுறி 1: மூட்டையைத் திறந்ததும் வாடை

பாச்சை உருண்டை வாடை. காற்றாடவிட்டால் போதும். வெயில் நேராகப் படாத மொட்டைமாடிக் கொட்டகையிலோ மின்விசிறிக்குக் கீழோ கொடியில் மடிப்பில்லாமல் போடுங்கள். சில நாளில் குறையும், முழுக்கப் போகச் சில வாரம் பிடிக்கும். குழந்தைக்கான குயில்ட் என்றால் வாடை அடியோடு போகும்வரை குழந்தைமேல் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பல வீடுகளில் தெரிந்திருக்காது.

புழுக்க வாடை, பூஞ்சை. ஈரம் பட்டுக் காயாமல் மடித்ததால் வருவது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே எடுங்கள். முதலில் நன்றாகக் காயட்டும். காய்ந்த பிறகு துணிமேல் ஒரு கொசுவலைத் துண்டைப் பரப்பி, அதன் வழியாக வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். வேக்குவம் இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும். வெள்ளைப்படலம் போய்விடும், அது விட்டுப்போன கறுப்புப் புள்ளி அநேகமாகப் போகாது. மாதக்கணக்கில் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்த பெட்டி என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள், குயில்ட்டை அல்ல.

எலி, கரப்பான் வாடை. கையுறை கட்டாயம், எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நனைந்த பிளாக்கை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு வேறு பிளாக் தைப்பது, முழு டாப்பையும் கழுவுவதைவிட லேசான வேலை.

பூச்சி அரிப்பும் சேர்ந்திருந்தால்: பருத்தியில் பெரும்பாலும் இராமபாணப் பூச்சி. அதற்குத் துணிமேல் ஆசையில்லை, கஞ்சிமேல்தான். பட்டுத் துணியையும் கம்பளியையும் தின்பது அந்துப்பூச்சிப் புழுவும் ஒரு வகை வண்டுப் புழுவும். குயில்ட்டை பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த துணியில் வியர்வை போலத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஆனால் ஃப்ரீசரில் வைப்பதற்கு முன் அறிகுறி 7-ஐ ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: பூஞ்சை பேட்டிங்குக்குள் இறங்கியிருந்தால், அல்லது வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால்.

## அறிகுறி 2: பழுப்பும் மஞ்சளுமாகக் கறை

கறையின் வடிவத்தைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

மடிப்புக் கோடு நெடுகப் பழுப்பு. மரத் தட்டு, அட்டைப்பெட்டி, செய்தித்தாள், இவற்றிலிருந்து வரும் அமிலம். துணியின் வெளிமடிப்பில் மட்டும் இருக்கும். எதுவும் செய்யாதீர்கள். குயில்ட் முடிந்த பிறகு முதல் துவையலில் ஓரளவு வெளுக்கும். இப்போதைக்குத் துவைத்துக் கஞ்சி போகவிட்ட வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.

சிதறினாற்போல் மஞ்சள் திட்டுகள். கஞ்சி அல்லது இஸ்திரி ஸ்பிரே பழசானது. இதுவும் முடித்தபின் துவைத்தால் பெரும்பாலும் போகும்.

மூலைகளில் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அறுகோணத் துண்டுகளைக் காகிதத்தின்மேல் மடித்துக் கையால் தைத்த குயில்ட்டுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். உள்ளே வெட்டி வைத்த காகிதம் கல்யாணப் பத்திரிகை. அதன் மூலையில் தடவிய மஞ்சள் துணியில் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டீர்களோ, உடனே ரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், சோப்பின் காரத்தால் வரும் நிறம் அது, அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளுக்கு எதிரி வெயில். அந்த ஒரு பிளாக்கை மட்டும் வெளியே விட்டு, மற்றதைக் கெட்டித் துணியால் மூடி, காலை வெயிலில் காட்டினால் சில நாளில் வெளுத்துவிடும்.

அந்தக் காகிதங்களைப் பிய்த்து எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். பத்திரிகைத் துண்டில் தேதி இருக்கும், காலண்டர் அட்டையில் வருஷம் இருக்கும். இங்கிலாந்திலும் பழைய ஒட்டுத்துணி வேலைகள் எந்தக் காலத்தவை என்பதை உள்ளே விட்டுப்போன கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் வைத்துத்தான் பலதுக்கும் கண்டுபிடிக்கிறார்கள். துண்டின் எல்லாப் பக்கமும் அண்டைத் துண்டோடு இணைந்திருந்தால் காகிதத்தை எடுக்கலாம். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் அப்படியே விடுங்கள், வடிவம் காகிதத்தில்தான் நிற்கிறது.

வட்டமான செம்பழுப்பு, நடுவில் ஊசித்துளை. துரு. குண்டூசியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல சமயம் துளையைச் சுற்றிக் கடுகளவுக்கு இழைகள் கருத்து, நகத்தால் தொட்டதும் பொடியாக உதிரும். துரு வெறும் கறை அல்ல, அது பருத்தியைத் தின்றுகொண்டே இருக்கிறது.

- இழை கெட்டி, துணி வெள்ளை: எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, காயவிடாமல் அரைமணி நேரம் வைத்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். புளிப்பு மிச்சம் நின்றால் அதுவும் துணியை அரிக்கும்.
- இழை கெட்டி, துணி கலர்: மறைவான இடத்தில் சோதிக்காமல் தொடாதீர்கள். எலுமிச்சை சில சாயங்களையும் சேர்த்து எடுத்துவிடும்.
- இழை உதிர்கிறது: கறையை விடுங்கள். பின்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்து நிறுத்துங்கள், அல்லது மேலே ஒரு சின்ன அப்ளிக் பூ (வேறு துணியில் வெட்டி மேலே வைத்துத் தைப்பது).
- எந்த நிலையிலும் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கூடாது. துருவோடு சேர்ந்தால் கறை இன்னும் பதியும், துணியும் ஓட்டையாகும்.

இனி பின் குத்தினால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைப் பின். தைத்த ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு மழைக்காலம் போதும்.

## அறிகுறி 3: தொட்ட இடத்தில் துணி கிழிகிறது

நிறையப் பேர் அழுகையோடு வருவது இதற்குத்தான். முதலில் எது கிழிகிறது என்று கவனியுங்கள். முழு டாப்பும் கிழிவது அபூர்வம். குறிப்பிட்ட ஒரு துணி மட்டும், அது வரும் இடமெல்லாம் கிழியும்.

ஒரே ஒரு பிரிண்ட் மட்டும். அந்தப் பிரிண்ட்டின் கறுப்பு அல்லது அடர்பழுப்பு மட்டும் போயிருக்கிறதா பாருங்கள். பழைய கலம்காரித் துண்டு என்றால் கறுப்புக் கோடு இருந்த இடம் அச்சுப்போல் வெட்டுண்டு, பூவின் சிவப்பு மட்டும் இதழ் இதழாகத் தொங்கும். அந்தக் கறுப்பு, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுப்பது. இரும்பு நாள்பட நாள்படப் பருத்தியை அரிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க, ஆங்கிலக் குயில்ட்டுகளில் பழுப்புப் பிரிண்ட்டுகள் மட்டும் காணாமல் போயிருப்பதற்கும் இதே இரும்புச்சாயம்தான் காரணம். இதை நிறுத்த முடியாது, தாங்கிப் பிடிக்க மட்டும் முடியும். கிழிந்த துண்டின்மேல் அதே அளவுக்கு டுல் எனப்படும் மெல்லிய வலைத்துணியை வைத்து, ஓரத்தில் உள்ள நல்ல துணியோடு சேர்த்துப் பொடித்தையலால் தையுங்கள். நிறம் கூடிவந்தால் நாலடி தள்ளி நின்றால் வலை தெரியாது.

பட்டுத் துண்டுகள். பழைய பட்டுப்புடவை மடிப்பிலேயே கோடு கோடாக வெடிக்கும். புடவை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்தபோதே பாதி வெடித்திருக்கும். குயில்ட்டுக்கு வெட்டும்போது யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். லேசான வெடிப்பு என்றால், டெய்லர்கள் காலருக்கு வைக்கும் பேஸ்டிங்கிலேயே மிக மெல்லிய ரகத்தைப் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டலாம். ஆனால் ஒட்டியதை மறுபடி எடுக்க முடியாது. பாட்டியின் கூறைப்புடவை என்றால் நான் ஒட்டமாட்டேன். பின்னால் மெல்லிய பருத்தி வைத்துக் கையால் தைப்பேன். ஜரிகை வரும் இடத்தில் ஊசி போடாதீர்கள், ஜரிகைக்குள் இருக்கும் நூல் அறுந்தால் உருவிக்கொண்டே வரும்.

எல்லாத் துண்டும், வெயில்பட்ட ஒரு பக்கம் மட்டும். ஜன்னலோரம் மடித்து வைத்தது. அந்தப் பக்கத்து வரிசை பிளாக்கைக் கழற்றி, குயில்ட்டை அந்த அளவுக்குச் சின்னதாக முடிப்பதுதான் நல்லது. இரட்டைக்கட்டில் குயில்ட் ஒற்றைக்கட்டிலுக்கு ஆகட்டுமே.

துணி கெட்டி, தையல்நூல் மட்டும் பட்டென்று அறுகிறது. நல்ல செய்தி. நூல் பழசு, அவ்வளவுதான். அதே கோட்டின்மேல் புது நூலில் தைத்துவிடுங்கள். பெட்டியோடு வந்த அந்தக் கால நூற்கண்டுகளை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் உருவிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், அறுந்தால் அது தைக்க ஆகாது.

கிழிந்ததை மாற்றப் புதுத்துணி வைக்கும்போது, பழசுபோலத் தெரியட்டும் என்று டீத் தண்ணீரில் முக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேயிலையின் துவர்ப்பும் புளிப்பும் துணியில் தங்கிப் பின்னால் பழுப்பாக்கும், பக்கத்துப் பழைய துணிக்கும் பரவும். புதுசு புதுசாகவே தெரியட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: கையால் செய்த பழைய கலம்காரி, நூறு வருஷப் பட்டு, பழைய கந்தா (வங்காளத்து ஓட்டுத்தையல் போர்வை) போன்ற துணி என்றால் நீங்களோ நானோ ஊசி போடவே கூடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பொருள் பாதுகாப்புக்கான வேதி ஆய்வுக்கூடம் இருக்கிறது. லக்னோவில் தேசிய பண்பாட்டுப் பொருள் பாதுகாப்பு ஆய்வகமும் இருக்கிறது. நேரே போகாவிட்டாலும் துணிப் பாதுகாப்பாளர் ஒருவரைத் தேட அங்கிருந்து தொடங்கலாம்.

## அறிகுறி 4: சாயம் இறங்குகிறது

இன்னும் இறங்கவில்லை, இறங்குமா என்று சந்தேகம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் பின்பக்கமும் அரை நிமிஷம் அழுத்துங்கள். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, இவை நான்கையும் எப்படியும் சோதிக்க வேண்டும். சுங்குடியையும் கைத்தறிக் கட்டம்போட்ட துணியையும் நம்பவே நம்பாதீர்கள். மெட்ராஸ் கட்டத்துணி அமெரிக்காவில் விற்பனைக்குப் போனபோது, சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். சட்டைக்குச் சரி, வெள்ளைப் பிளாக்குக்குப் பக்கத்தில் வரும் துணிக்கு அது சரிவராது.

இந்தச் சோதனையில் நிறம் ஒட்டினால், வேலை டாப் கட்டத்தில் இருக்கும்போதே முடிவெடுங்கள். ஒன்று, அந்தத் துண்டுகளை மாற்றலாம். அல்லது இந்தக் குயில்ட் இனி தண்ணீரைப் பார்க்காது, சுவரில்தான் தொங்கும் என்று தீர்மானிக்கலாம்.

கல்லுப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அம்மா சொன்னதை எல்லோரும் சொல்வார்கள். இப்போதைய பருத்திச் சாயங்களுக்கு இரண்டும் பிரயோசனமில்லை. சாயம் போடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. வீட்டு வாளியில் இல்லை. வினிகர் உதவுவது பட்டிலும் கம்பளியிலும் போடும் சில சாயங்களுக்கு மட்டும்தான்.

துவைத்தாயிற்று, வெள்ளையெல்லாம் ரோஸ், குயில்ட் இன்னும் ஈரமாக இருக்கிறது. காயவிடாதீர்கள். இதுதான் முக்கியம். ஈரமாக இருக்கும்வரை காப்பாற்றலாம். முழுக்கப் பருத்தி, இழை கெட்டி, தைத்து முடித்தது என்றால்: பெரிய தொட்டியில் தாராளமாகச் சுடுதண்ணீர், கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு கொஞ்சம். குயில்ட் முழுக்க அமிழ்ந்து, மேலே மிதக்காமல் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தண்ணீர் நிறத்தைப் பாருங்கள். நிறம் இருந்தால் அதே மாதிரி இன்னொரு தடவை. தண்ணீர் குறைவாக இருந்தால் போன சாயம் திரும்பவும் துணியிலேயே உட்காரும், அதனால் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம். தூக்கும்போது கீழே பழைய புடவையை விரித்துத் தொட்டில்போல் நான்கு மூலையும் பிடித்துத் தூக்குங்கள். ஈர எடையில் தையல் அறுந்துவிடும்.

காய்ந்துவிட்டது, இஸ்திரியும் போட்டாயிற்று. மேலே சொன்னதையே முயலலாம், பாதி போகலாம். மிச்சத்தோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டு கலந்தது. சுடுதண்ணீர் கூடாது. பட்டுப்புடவை உலர்சலவை செய்பவரிடம் கொண்டுபோங்கள். கொடுக்கும்போதே உள்ளே என்ன பேட்டிங் என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

## அறிகுறி 5: டாப் தட்டையாகப் படுக்கவில்லை

ஓரம் அலை அலையாக, நடு சமமாக. டாப்பைச் சுற்றித் தைக்கும் பட்டையான பார்டரின் நீளம் அதிகம். நீளமான பட்டையை வைத்துக் கடைசிவரை தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டியிருப்பார்கள். மெஷின் பல் (ஊசிக்கடியில் துணியை நகர்த்தும் பற்கள்) கீழ்த்துணியைக் கூடுதலாக இழுப்பதால் இரண்டு துணியும் ஒரே அளவில் நகராது. பார்டரைப் பிரியுங்கள். டாப்பின் அகலத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து, அந்த அளவுக்குப் பார்டர் வெட்டி, இரண்டு முனையையும் நடுவையும் பின் குத்தி, மிச்சத்தைச் சமமாகப் பங்கிட்டுத் தையுங்கள்.

நடு தொப்பிபோல் எழும்புகிறது, ஓரம் இறுக்கம். பார்டர் குட்டை. இதற்கும் மேலே சொன்னதுதான் மருந்து.

பிளாக்குக்குப் பிளாக் அளவு வேறு. இது பல வருஷம் விட்டு விட்டுத் தைத்த குயில்ட்டின் நிரந்தர வியாதி. அன்றைக்கு இருந்த மெஷின் வேறு, பாதம் வேறு. ஒவ்வொரு தையலிலும் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தவறினால், எட்டுத் தையல் உள்ள பிளாக்கில் அரை இஞ்ச் போய்விடும். உங்கள் மெஷினைச் சோதிக்க, ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டை மூன்றை அடுத்தடுத்து இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே.

ஆனால் பழைய பிளாக்குகளோடு சேர்க்கப் புதுப் பிளாக் தைக்கும்போது சரியான கால் இஞ்ச் உதவாது. பழசில் என்ன விட்டிருக்கிறார்களோ அதை அளந்து அதையே விடுங்கள். ஏற்கெனவே அளவு வேறுபட்டுக் கிடப்பவற்றுக்கு:

- வேறுபாடு கால் இஞ்சுக்குள்: பெரியதைக் கீழே, மெஷின் பல் பக்கம் வைத்துத் தையுங்கள். தானாக உள்வாங்கிக்கொள்ளும்.
- அரை இஞ்ச் வரை: எல்லாவற்றிலும் சின்னதன் அளவுக்கு மற்றதை வெட்டலாம், ஆனால் நட்சத்திரத்தின் முனை போய்விடும். நான் வெட்டுவதில்லை. ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றி ஒற்றை நிறப் பட்டை தைத்து, அந்தப் பட்டையை ஒரே அளவுக்கு வெட்டுகிறேன்.
- அதற்கும் மேல்: அது இரண்டு குயில்ட்டுக்கான பிளாக்குகள். பிரித்துவிடுங்கள்.

ஒரு துண்டு மட்டும் சுருங்கி அல்லது தொய்ந்து. விரலால் இழுத்துப் பாருங்கள், நீண்டால் பனியன் துணி. திருப்பூர் வேஸ்ட் மூட்டையிலிருந்து வந்த துண்டுகள் நெய்த துணிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இப்படித்தான். பின்னால் மெல்லிய பேஸ்டிங் ஒட்டினால் அடங்கும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: ஓரம் கொஞ்சம் அலையாக இருந்தால் லாங்ஆர்ம் மெஷின் (மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய மெஷின்) வைத்திருப்பவர் தைக்கும்போதே அடக்கிவிடுவார். அவரிடம் கொடுக்குமுன் நீங்களே பிரிக்க வேண்டியதைப் பிரித்துவிட்டால் கூலி மிச்சம்.

## அறிகுறி 6: பஞ்சு உருண்டுவிட்டது, அல்லது வெளியே எட்டிப்பார்க்கிறது

கட்டி கட்டியாக, இடையில் வெறும் துணி. தையல் வரிசைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம். பழைய பருத்திப் பேட்டிங்குக்கு இரண்டு இஞ்சுக்கு ஒரு தையலாவது வேண்டும். இப்போது ஊசியால் கோத்து வரும் பேட்டிங் எட்டு இஞ்ச் வரைகூடத் தாங்கும், உறையில் எழுதியிருக்கும். கட்டியை வெளியிலிருந்து தட்டிப் பரப்ப முடியாது. ஒரு பக்க ஓரத்தைப் பிரித்து, பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பேட்டிங் வைப்பதுதான் வழி.

உள்ளே இலவம்பஞ்சு. போடி பக்கத்து வீடுகளிலிருந்து வருவதில் இது இருக்கும். வழுக்கும் இழை, ஒன்றோடொன்று பிடிக்காது; தண்ணீரில் நனையவும் நனையாது, நனைந்தால் காயாது. துவைக்கும் எண்ணத்தையே விடுங்கள். மேல்துணியைப் பிரித்துத் தனியாக டாப்பாக எடுத்துக்கொண்டு, பஞ்சைத் தலையணைக்குக் கொடுத்துவிடலாம்.

டாப்பின்மேல் வெள்ளை முடி. பாலியெஸ்டர் பேட்டிங் இழை நெசவின் வழியாக வெளியே வருகிறது. பிடித்து இழுத்தால் பின்னாலேயே இன்னும் வரும். துணிமட்டத்தில் கத்தரியுங்கள். தைத்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள், மழுங்கிய ஊசிதான் பாதி காரணம். கறுப்புத் துணிக்குக் கறுப்புப் பேட்டிங் கிடைக்கிறது.

## அறிகுறி 7: வரைந்த கோடு போகவில்லை, அல்லது போனது திரும்பி வந்தது

நீலப்பேனா. தண்ணீரில் போகும். ஆனால் சோப்பும் சூடும் படுவதற்கு முன் வெறும் குளிர்ந்த தண்ணீரில் போக வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் கோடு மறைந்து பேட்டிங்குக்குள் போகும், காய்ந்ததும் மேலே வரும். முடித்த குயில்ட்டை முழுசாக முக்கி எடுங்கள். ஏற்கெனவே இஸ்திரி பட்டுப் பழுப்பாகிவிட்டதா? அநேகமாகப் போகாது.

சூட்டில் மறையும் பேனா. இஸ்திரி காட்டினால், சுமார் 60 டிகிரியில், மை நிறமிழக்கும். போவதில்லை, நிறம்தான் மறைகிறது. மைனஸ் 10-க்குக் கீழே போனால் கோடெல்லாம் திரும்ப வரும். பூச்சிக்காக ஃப்ரீசரில் வைத்தவர்கள் திடுக்கிடுவது இதனால்தான். மறுபடி இஸ்திரி காட்டுங்கள், மறைந்துவிடும். கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்புகிற குயில்ட்டில் இந்தப் பேனாவைத் தொடாதீர்கள்.

பென்சில். இஸ்திரி போடுமுன் துணிக்கான ரப்பரால் அழியுங்கள். மிச்சம் துவையலில் மங்கும்.

ஆரி வேலைக்கு டிரேஸ் எடுப்பதுபோல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியால் எடுத்த புள்ளிக்கோடு. வெள்ளைப் பொடி உதறினால் போகும். நீலம் என்றால் தையலால் மூடுவதுதான் வழி, கோட்டின்மேலேயே சரியாகத் தையுங்கள்.

## அறிகுறி 8: எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை, துணியும் தீர்ந்துவிட்டது

கைவசம் ஒரே நேரத்தில் நாலைந்து குயில்ட் ஓடுபவர்களுக்கு இது வந்தே தீரும். டாப்பைத் திருப்பி, கடைசியாகத் தைத்த வரிசையைத் தேடுங்கள். இஸ்திரி போடாத தையல் இருக்கும் இடம்தான் வேலை நின்ற இடம். வெட்டிய துண்டுகளை நிறவாரியாக எண்ணி, எத்தனை பிளாக்குக்கு வரும் என்று பாருங்கள். பாக்கி இருக்கும் பிளாக்கைவிட அது குறைவு என்றால், தீர்ந்த துணியைத் தேடிக் கடைகடையாக அலையாதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் சாயத்தொட்டி வேறாக இருக்கும். கிட்டத்தட்ட அதே நிறத்தை ஒரே ஒரு மூலையில் வைத்தால் தப்பு மாதிரித் தெரியும். முற்றிலும் வேறு நிறத்தை நாலைந்து இடத்தில் சிதறினால் வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கும்.

அடுத்த முறை எடுத்து வைக்கும்போது ஒரு சீட்டில் எழுதிப் பையிலேயே போடுங்கள்: தையலுக்கு விட்ட அளவு, பிளாக்கின் முடிந்த அளவு, எந்த ஸ்கேல், நூல் நம்பர், இன்னும் எத்தனை பிளாக். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வேறு மாதிரி மடியுங்கள், முடிந்தால் குழாயில் சுருட்டி வையுங்கள். வேப்பிலை, வசம்பு வைப்பதென்றால் துணிப்பையில் கட்டி ஓரமாக. நேரே துணிமேல் போட்டால் இலையின் வடிவத்திலேயே கறை விழும். மடித்து எடுத்து வைக்கும்போது காந்தத்தை இன்னொரு தடவை மேலே ஓட்டிவிடுங்கள்.